சிரிக்கும் கூட்டத்தில் ஒரு கணவனும் மனைவியும்

கிங் விடார் என்னும் அமெரிக்க இயக்குநர் 1928-ஆம் ஆண்டில் உருவாக்கிய 'தி கிரவுட்' பேசாப்படக் காலத்தின் இறுதி ஆண்டுகளில் பிறந்த படைப்பு. 'கூட்டம்' என்று நாம் அதைத் தமிழில் அழைத்துக்கொள்வோம். நியூயார்க் நகரில் குடித்தனம் நடத்தும் ஒரு சாதாரணக் கணவனையும் மனைவியையும் பற்றியது அது. பெருங்கதை என்று சொல்லத்தக்க எதுவும் அதில் இல்லை. காதல், கல்யாணம், வாடகை வீடு, மைத்துனர்களின் இளக்காரம், பிள்ளைகள், போதாத சம்பளம், வேலையிழப்பு என்று, எந்தப் பங்கில் எந்தத் தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் கேட்கக்கூடிய செய்திகளே அதில் உள்ளன. முதற்பாதியில் வாய்விட்டுச் சிரிக்கிறோம். பிற்பாதியில், முன்பு எதைக் கண்டு சிரித்தோமோ அதுவே திரும்பி வந்து நம் எதிரில் நிற்கிறது. இப்படத்தில் யார், யாரைப் பார்த்து, எந்த இடத்திலிருந்து சிரிக்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டே போனால், இயக்குநரின் உள்ளக்கிடக்கை முழுவதும் நமக்குப் புலப்பட்டுவிடும் என்று கருதுகிறோம்.

கதைத் தலைவன் ஜான் சிம்ஸ் 1900-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் பிறக்கிறான். அமெரிக்கா தன் விடுதலை நாளைக் கொண்டாடும் நாள் அது, நூற்றாண்டும் புதிது. தந்தைக்கு ஆசை தாங்கவில்லை. இவன் பெரிய ஆளாக வருவான், உலகம் இவனைப் பற்றிக் கேள்விப்படும் என்று அவர் நம்புகிறார். மகனும் அதையே நம்பி வளர்கிறான். அவனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது தந்தை இறந்துபோகிறார். அந்தக் காட்சி திரைக்கலை பயில்வோர் தவறாமல் பார்க்கவேண்டிய ஒன்று. நீண்ட மாடிப்படியின் உச்சியில் படக்கருவி நிற்கிறது. கீழே வாசலில் அக்கம்பக்கத்தார் கூடி நிற்கிறார்கள். உள்ளே வரவும் தயங்குகிறார்கள், போகவும் மனமில்லை. அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து ஒரு சிறுவன் மட்டும் ஒவ்வொரு படியாக ஏறி நம்மை நோக்கி வருகிறான். அவன் வாழ்வில் கூட்டத்தை விட்டு மேலே ஏறியது அந்த ஒருமுறைதான். ஏறிப்போய் அவன் கண்டது தந்தையின் சாவை.

இருபத்தொரு வயதில் நியூயார்க் வருகிறான். படகில் வரும்போது, இந்த ஊரில் கூட்டத்தை வெல்ல வேண்டுமானால் திறமை வேண்டும் என்று உடன் வந்தவர் எச்சரிக்கிறார். வாய்ப்பு ஒன்று கிடைத்தால் போதும் என்கிறான் ஜான். அடுத்து வருவது படத்தின் மிகப் புகழ்பெற்ற காட்சி. வானளாவிய ஒரு கட்டடத்தின் அடியிலிருந்து படக்கருவி மேலே ஏறுகிறது. மாடி மாடியாக ஏறி, ஒரு சன்னலருகே நின்று, உள்ளே நுழைகிறது. உள்ளே ஒரு பெருங்கூடம். வரிசை வரிசையாக, எண்ணித் தீராத மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரே மாதிரியான ஒருவர் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த மேசைகளின் மேலாக மிதந்து சென்று, ஒரு மேசையருகே படக்கருவி இறங்குகிறது. மேசையின் எண் 137. அங்கே இருப்பவன் நம் ஜான். கட்டடத்தின் சிறு உருவ மாதிரி ஒன்றைத் தரையில் ஏறத்தாழக் கிடையாக வைத்து, அதன்மேல் படக்கருவியை உருட்டிச் சென்றே இதை எடுத்தார்கள். ஏற்றம் போல நமக்குத் தோன்றுவது உண்மையில் தரையோடு ஊர்ந்ததுதான். ஜானின் வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான உருவகத்தை நாம் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. திட்டமிட்டு அமைந்ததா, தொழில்நுட்பத் தேவையால் தானே அமைந்ததா என்பது வேறு.

கூட்டத்தால் பார்க்க முடியாமல், முன்னே ஓடி ஒரு மரத்தில் ஏறிய சக்கேயுவை நாம் அறிவோம். ஏறியது குற்றமென்று எவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அவர் வீட்டுக்கு விருந்து வந்தது அவர் இறங்கி வந்த பிறகுதான். விடார் எந்த மறைநூலையும் மனத்தில் வைத்து இப்படத்தை எடுத்ததாகத் தெரியவில்லை. ஆயினும் ஜானை எப்படி மரத்திலிருந்து இறக்குவது என்பதே இப்படம் முழுவதன் கவலையாகவும் இருக்கிறது.

நண்பன் பெர்ட்டின் ஏற்பாட்டில் மேரியைச் சந்திக்கிறான். மேற்கூரையற்ற பேருந்தின் மாடியில் அவர்கள் ஊர்வலம் போகிறார்கள். கீழே தெருவில் ஒருவன் கோமாளி உடையில், விளம்பரப் பலகையைச் சுமந்துகொண்டு, பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடித்தபடி நடந்துபோகிறான். ஜானுக்குச் சிரிப்பு வருகிறது. பாவம், இவனுடைய தகப்பன்கூட இவன் நாட்டின் தலைவனாவான் என்று நினைத்திருப்பான் என்று மேரியிடம் சொல்லிச் சிரிக்கிறான். அவளைச் சிரிக்க வைப்பதற்காகவே சொல்கிறான்; அவளும் சிரிக்கிறாள்; நாமும் சிரிக்கிறோம். மேலே உட்கார்ந்திருப்பவர் கீழே நடப்பவரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது. தன் தந்தையின் சொல்லையே அவன் அந்தக் கோமாளியின் தந்தைக்குப் பொருத்திப் பேசுகிறான் என்பது அவனுக்குத் தெரியவில்லை. முதல்முறை பார்க்கும்போது நமக்கும் தெரிவதில்லை.

அன்று மாலை கோனி தீவுப் பொழுதுபோக்குத் திடலில் சறுக்கி விளையாடுகிறார்கள். திரும்பும் வழியில் பாதாள இரயிலில் ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது. பெண்ணை நீங்கள் கொண்டுவாருங்கள், வீட்டுக்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களை நாங்கள் தருகிறோம் என்பது அதன் கருத்து. அதைப் படித்த கையோடு மேரியைத் திருமணம் செய்துகொள்ளக் கேட்டுவிடுகிறான். நகைச்சுவைதான், ஆனால் கூர்மையான நகைச்சுவை. கூட்டத்திலிருந்து தனித்து நிற்பேன் என்று சொல்பவனுடைய வாழ்வின் மிகத் தனிப்பட்ட முடிவைக்கூட ஒரு கடைக்காரனின் விளம்பரமே அவன் வாயில் ஊட்டுகிறது. நயாகரா அருவிக்குத் தேனிலவு போகிறார்கள். இரயிலின் படுக்கைப் பெட்டியில் புது மாப்பிள்ளை படும் வெட்கமும் தடுமாற்றமும் கண்ணியமாகவும் வேடிக்கையாகவும் வந்திருக்கின்றன. மணமக்களின் வெட்கத்தை விரசமாக்காமல் சிரிக்க வைப்பது எத்துணை அரிது என்பதை இக்காலத் திரைப்படங்களைப் பார்க்கும் அன்பர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

பிறகு குடித்தனம். உயரப் பாலத்தில் ஓடும் இரயிலின் ஓரத்தில் சிறு வீடு. சுவருக்குள் மடித்துவைக்கும் கட்டில். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின இரவு மேரியின் தாயும் இரு சகோதரர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு ஜானைப் பிடிக்காது. மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. விருந்தினருக்குக் கொடுக்கக் கொஞ்சம் மது வாங்கி வருகிறேன் என்று பெர்ட்டின் வீட்டுக்குப் போனவன், தானே குடித்துவிட்டு அகாலத்தில் திரும்புகிறான். மேரி காத்திருக்கிறாள். அவள் அவனை மன்னிப்பது உண்மை. ஆனால் இந்தப் படத்தில் மன்னிப்பு என்பது ஒரே தரப்பிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது என்பதை நாம் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் கணிப்பில் இப்படத்தின் உயிர்நிலை, பலரும் சிலாகிக்கும் அந்த வானளாவிய கட்டடம் அன்று. ஏப்ரல் மாதத்து ஒரு காலைப் பொழுதின் சச்சரவுதான். எழுந்ததிலிருந்து எல்லாமே கோணல். அலமாரிக் கதவு சொன்னபடி கேட்பதில்லை. கழிவறைத் தொட்டி பழுது. கழிவறையைத் திரையில் காட்டத் துணிந்த தொடக்ககால அமெரிக்கப் படங்களுள் இதுவும் ஒன்று. மேரியின் கலைந்த தலைமுடிகூட அவனுக்குக் குற்றமாகப் படுகிறது. ஒவ்வொன்றும் அற்பம். ஒவ்வொன்றையும் அவன் அவளுடைய குறையாக்குகிறான். அவளும் விடுவதில்லை. சிரித்துக்கொண்டே பார்க்கத் தொடங்கும் நாம் எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினோம் என்று பின்னர் யோசித்துப் பார்த்தாலும் சொல்ல முடியாது. இல்லறத்தில் சண்டைகள் இப்படித்தான் வருகின்றன. ஒரு குடும்பத்தின் பிணக்கைத் தீர்த்துவைக்க அழைக்கப்பட்ட எவரும் இதை அறிவர். கேட்டால் பெரிய காரணங்கள் சொல்வார்கள். கிளறிப் பார்த்தால் ஒழுகும் குழாயும், மூடாத கதவும், சொல்லாமல் விட்ட ஒரு நல்ல வார்த்தையும் இருக்கும். வீடு குறுகலாக இருக்கும்போது கோபத்துக்கு ஒதுங்கிப்போக இடமில்லை. அது எதிரில் இருப்பவர்மேல்தான் விழுந்தாக வேண்டும்.

அவன் கோபத்தோடு வெளியேறி விடுகிறான். மேரி அவனைச் சன்னலிலிருந்து கூப்பிடுகிறாள். தான் தாய்மையுற்றிருக்கும் செய்தியை அப்போதுதான் சொல்கிறாள். அவன் முகம் மாறுவதைப் பாருங்கள். ஜேம்ஸ் மரே என்னும் அந்த நடிகர் அதுவரை துணை நடிகர் கூட்டத்தில் ஒருவராக இருந்தவர்; நட்சத்திரம் எவரும் வேண்டாம், கூட்டத்திலிருந்தே ஒருவர் வேண்டும் என்று விடார் அவரைத் தெரிந்தெடுத்தார். மேரியாக நடித்த எலினார் போர்ட்மன் அப்போது விடாரின் மனைவி. அவர் ஒப்பனையின் கவர்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு, களைத்துப்போன ஒரு குடும்பத் தலைவியாகவே திரையில் தோன்றுகிறார். கணவரின் படத்தில் இப்படித் தன்னை மறைத்துக்கொள்ள ஒரு நடிகைக்குத் துணிவு வேண்டும். நடிப்பில் அவரே மரேயைவிட ஒரு படி மேல் என்பது நம் எண்ணம்.

ஒரு மகனும் ஒரு மகளும் பிறக்கிறார்கள். ஐந்தாண்டுகளில் சம்பளம் எட்டு டாலர் உயர்கிறது. நல்ல காலம் வரும், நல்ல காலம் வரும் என்று ஜான் சொல்லிக்கொண்டே இருக்கிறான். கடற்கரையில் உல்லாசமாகப் பொழுதுபோக்கும் நாளிலும் அவன் யுகலேலே வாசித்துக்கொண்டு கனவு காண, பிள்ளைகளையும் அடுப்பையும் சாப்பாட்டையும் மேரியே பார்த்துக்கொள்கிறாள். விளம்பர வாசகப் போட்டிகளுக்கு எழுதிப்போடும் பழக்கம் அவனுக்குண்டு. ஒருநாள் உண்மையாகவே வெற்றி கிடைக்கிறது. துப்புரவுப் பொருள் ஒன்றுக்கு அவன் எழுதிய வாசகத்துக்கு 500 டாலர் பரிசு. கை நிறையப் பொருள்களோடு வீடு வருகிறான். கணவனும் மனைவியும் சன்னலில் நின்று, தெருவுக்கு அப்பால் விளையாடும் பிள்ளைகளுக்குப் பொம்மைகளை ஆட்டிக் காட்டி அழைக்கிறார்கள். பிள்ளைகள் மகிழ்ச்சியோடு ஓடி வருகின்றன. ஒரு லாரி சிறுமியை மோதிவிடுகிறது.

இதைவிடக் கொடிய காட்சியைப் பேசாப்படங்களில் நாம் கண்டதில்லை. கொடுமை அந்த விபத்தில் மட்டும் இல்லை. வாழ்நாளெல்லாம் காத்திருந்த வெற்றி வந்த அதே நிமிடத்தில், அந்த வெற்றியைக் காட்டி அழைத்த கைகளே பிள்ளையைத் தெருவுக்கு இழுத்துவிட்டன என்பதுதான் கொடுமை. விடார் இதை எங்கும் சொல்லிக் காட்டுவதில்லை. இது தண்டனை என்றோ, விதி என்றோ எந்த எழுத்துப் பலகையும் பேசுவதில்லை. யாருடைய பாவம் என்று கேட்டுத் துன்பப்படுவோரை மேலும் புண்படுத்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. இந்த இயக்குநர் அதைச் செய்யாமல் விட்டதற்காகவே அவருக்குத் தலைவணங்கலாம்.

குழந்தை உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள். வெளியே நகரம் இரைகிறது. ஜான் தெருவில் இறங்குகிறான். இரண்டு கைகளையும் உயர்த்தி, எதிரே அலைமோதி வரும் கூட்டத்தை நோக்கி, சத்தம் போடாதீர்கள், என் குழந்தை உறங்க வேண்டும் என்று கெஞ்சுகிறான். எவரும் நிற்பதில்லை. உன் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பதற்காக உலகம் நின்றுவிடாது என்று காவலர் ஒருவர் சொல்லி அவனை உள்ளே அனுப்புகிறார். ஒலியே இல்லாத படத்தில் ஓசையை நிறுத்தச் சொல்லி ஒரு தகப்பன் மன்றாடுகிறான். நமக்கு எதுவும் கேட்பதில்லை. ஆனால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. ஒலி வந்த பிறகு எடுக்கப்பட்டிருந்தால் இக்காட்சி இதில் பாதியாகக்கூட அமைந்திருக்காது. இன்னொன்றும் நோக்கத்தக்கது. அந்தக் கூட்டத்தில் வருபவர்கள் கெட்டவர்கள் அல்லர். நேற்று வரை ஜானும் அவர்களில் ஒருவனாக, யாருடைய வீட்டுச் சாவையும் அறியாமல், அதே தெருவில் அதே வேகத்தில் நடந்தவன்தான்.

பிறகு வீழ்ச்சி. மேசையில் குனிந்திருக்கும்போது எண்களுக்கிடையே லாரி தெரிகிறது. வேலையை உதறிவிடுகிறான். அடுத்தடுத்துப் பிடித்த வேலைகளும் நிலைப்பதில்லை. மேரி தையல் வேலை செய்து குடும்பத்தைத் தாங்குகிறாள். மைத்துனர்கள் ஒரு வேலை தர முன்வருகிறார்கள். அதைப் பிச்சை என்று சொல்லி மறுத்துவிடுகிறான். மேரி அவனை அறைந்துவிடுகிறாள். அமெரிக்கப் பொருளாதாரம் 1929 அக்டோபரில்தான் சரிந்தது. இப்படம் அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே, செழிப்பின் உச்சியில் இருந்த நாட்டில் வெளிவந்தது என்பதை நினைவில் வைக்கவேண்டும். எல்லாரும் முன்னேறிக்கொண்டிருப்பதாக நாளேடுகள் எழுதிக்கொண்டிருந்த நாள்களில், முன்னேறாமல் போனவனின் வீட்டுக்குள் விடார் படக்கருவியைக் கொண்டுசென்றார். தெருக்காட்சிகள் சிலவற்றை நியூயார்க் வீதிகளில் படக்கருவியை ஒளித்துவைத்தே எடுத்தார். அவற்றில் நாம் காணும் முகங்கள் நடிக்காத முகங்கள்.

தண்டவாளத்தின் மேலுள்ள பாலத்துக்கு ஜான் சாகப் போகிறான். சின்ன மகன் பின்னாலேயே வந்துவிடுகிறான். பெரியவனானால் அப்பாவைப் போலத்தான் ஆவேன் என்கிறான் பிள்ளை. கண்ணீரை வரவழைப்பதற்கென்றே வைக்கப்பட்ட இடம் என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். ஆயினும் ஒன்றை விட்டுவிடக் கூடாது. ஜானின் தந்தை, மகன் பெரிய ஆளாக வேண்டுமென்று விரும்பினார். அந்த விருப்பமே அவனைக் கொன்றுகொண்டிருந்தது. அவனுடைய மகனோ, தோற்றுப்போன இந்த அப்பா எப்படி இருக்கிறாரோ அப்படியே ஆக விரும்புகிறான். தலைமுறை தலைமுறையாக மேலிருந்து கீழே கொடுக்கப்பட்ட சுமையை ஒரு சிறுவன் கீழிருந்து தூக்கிவிடுகிறான்.

வேலை தேடி நிற்கும் கூட்டத்தோடு போய் நிற்கிறான் ஜான். கிடைக்கும் வேலை எது? கோமாளி உடை அணிந்து, ஓர் உணவகத்தின் விளம்பரப் பலகையைச் சுமந்து, பந்துகளை வீசிப் பிடித்தபடி தெருவில் நடப்பது. பேருந்து மாடியிலிருந்து அவன் சிரித்தானே, அதே வேலை. இந்த இடத்தில் படம் பழிவாங்குவதுபோல் நடந்துகொண்டிருக்கலாம், 'பார்த்தாயா?' என்று கேட்டிருக்கலாம். விடார் கேட்கவில்லை. ஜான் அந்த வேலையை மகிழ்ச்சியோடு ஏற்கிறான். கூலி கிடைத்ததும் ஒரு சிறு மலர்க்கொத்தும் நாடகக் கொட்டகை நுழைவுச் சீட்டுகளும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறான். மேரி தன் சகோதரர்களோடு புறப்பட்டுக்கொண்டிருக்கிறாள். அவர்களுடைய மூட்டைமுடிச்சு வெளியே போயாயிற்று. அவள் கால்கள்தாம் போக மறுக்கின்றன. இசைத்தட்டு சுழல்கிறது. இருவரும் ஆடுகிறார்கள். சிரிக்கிறார்கள்.

இங்கே நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மேரி ஏன் தங்கிவிடுகிறாள் என்பதைப் படம் போதிய அளவு கேட்கவில்லை. மலர்க்கொத்தும் பாட்டும் போதுமா? பிள்ளையைப் பறிகொடுத்தது அவளுந்தானே? ஜானின் துயரத்துக்குத் தெருவெல்லாம் அரங்கமாகிறது. அவள் துயரமோ தையல் வேலைக்குள் மறைந்துபோகிறது. அவளுடைய சகோதரர்களையும் இயக்குநர் வெறும் விறைத்த உருவங்களாகவே நிறுத்திவிட்டார். உண்மையில் அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் சமூகத்திலும், விட்டுக்கொடுத்துப் போ என்ற அறிவுரை பெண்ணின் காதில் மட்டுமே ஓதப்படுவதுண்டு. பீடத்தின்முன் வாக்குறுதியைச் சொன்னவர்கள் இருவர் என்பதை ஓதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆயினும் போர்ட்மனின் முகம் இயக்குநர் விட்டதை ஓரளவு ஈடுசெய்கிறது. அவள் அவனுடைய கனவை ஒருநாளும் நம்பியவள் அல்லள்; அவனைத்தான் நம்பினாள். கனவு செத்துப்போன பிறகு அவளுக்குக் கிடைப்பது அவள் முதலில் கேட்ட ஆள்.

இறுதிக் காட்சி கொட்டகையில். மேடையில் கோமாளிகள் கூத்தடிக்கிறார்கள். ஜானும் மேரியும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். படக்கருவி மெல்லப் பின்வாங்குகிறது. பக்கத்தில் இருப்போர், முன்வரிசை, பின்வரிசை எல்லாரும் ஒரே அசைவாக முன்னும் பின்னும் ஆடிச் சிரிக்கிறார்கள். மேலும் மேலும் விலக, ஜானும் மேரியும் எங்கே என்றே தெரியாமல் போகிறது. அலுவலகத்தில் எண்ணற்ற மேசைகளிலிருந்து ஒருவனைத் தேடி இறங்கி வந்த படக்கருவி, இங்கே அந்த ஒருவனைக் கூட்டத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு விலகுகிறது.

இம்முடிவை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தயாரிப்பு நிறுவனமான மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறைவான முடிவு வேண்டுமென்று விரும்பியதால் ஏழு முடிவுகள் வரை எடுத்துப் பார்த்ததாக விடார் பின்னாளில் சொன்னார். ஜான் திடீரெனச் செல்வந்தனாகி, கிறிஸ்து பிறப்பு மரத்தைச் சுற்றிக் குடும்பம் மகிழ்வதாகவும் ஒரு முடிவு உண்டு. நிலைத்தது கொட்டகைக் காட்சியே. அது ஏளனம் என்பர் சிலர்: வேலையும் இல்லை, பிள்ளையும் இல்லை, நாளைக்கு வாடகையும் இல்லை, ஆயினும் கேளிக்கை கிடைத்தால் மந்தை சிரிக்கும் என்று விடார் சொல்வதாக அவர்கள் கொள்கிறார்கள். இக்கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நாளெல்லாம் நசுக்கும் நகரம் இரவில் ஒரு கொட்டகையைத் திறந்துவைத்து, வலியை மறக்கச் செய்து, மறுநாள் காலை மீண்டும் வேலைக்கு வரச் செய்வதைக் குழந்தைகூடக் கண்டுகொள்ளும். ஜானின் சம்பளம் போதாததும், வீடு வீடாக இல்லாததும், தெருவில் பிள்ளைகள் விளையாட நேர்ந்ததும் ஜானின் மனப்போக்கால் மட்டும் வந்தவை அல்ல. படம் இவற்றைக் காட்டுகிறது. யாரைக் கேள்வி கேட்பது என்று சொல்லாமல் போகிறது. அது இப்படத்தின் குறையே.

ஆனாலும் ஏளனம் என்னும் தீர்ப்பு நமக்கு உடன்பாடன்று. சிரிப்பைத் தொடர்ந்து வந்தவர்கள் இதை எளிதில் காணலாம். பேருந்தின் மாடியில் சிரித்தவன் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நிறைவில் சிரித்தான். கொட்டகையில் சிரிப்பவன் பகலில் தானே கோமாளி உடை அணிந்தவன். மேடையில் பந்தெறிபவனின் கை வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். உயரத்தில் உட்கார்ந்து, கீழே பார்த்துச் சிரித்தவன் இப்போது மற்றவர்களோடு சமதளத்தில் உட்கார்ந்து சிரிக்கிறான். தன்னைப் பார்த்தே சிரிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டான். கூட்டத்தை வெல்ல வந்தவன் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான் என்று இதைத் தோல்வியாகக் கணக்கிடலாம். ஆனால், குழந்தை சாகக் கிடந்த நாளில் தெருவில் கை உயர்த்தி நின்றபோது அவனுக்கு எவ்வளவு அந்நியமாக இருந்த கூட்டம் அது! அதே மனிதர்கள் இப்போது தோளோடு தோள் உரச அமர்ந்திருக்கிறார்கள்.

முதல் ஆஸ்கார் விருதுகளுக்கு இப்படம் இரு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது, ஒன்றும் கிடைக்கவில்லை. தனித்துவக் கலைப்படைப்புக்கான விருது முர்னாவ் இயக்கிய 'சன்ரைஸ்' (1927) படத்துக்குப் போயிற்று. அதுவும் ஒரு கணவன் மனைவியையும் நகரத்தையும் பற்றியதே. அங்கே நாட்டுப்புறத் தம்பதியர் நகரத்துக்கு ஒருநாள் வந்து, மனம் ஒன்றுபட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஜானுக்கும் மேரிக்கும் திரும்பிப்போக ஊர் இல்லை. 'சன்ரைஸ்' அழகில் உயர்ந்தது. வாழ்க்கைக்கு அருகில் இருப்பது விடாரின் படம் என்போம். இத்தாலிய இயக்குநர் தெசீக்கா தம்முடைய 'சைக்கிள் திருடர்கள்' (1948) படத்துக்கு இதுவே ஊக்கம் தந்ததென்று விடாரிடம் கூறியதாகச் சொல்வர். தெருவில் அப்பனும் மகனும் சேர்ந்து நடக்கும் அப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிராது. பதிப்புரிமைக் காலம் முடிந்து 2024 சனவரி முதல் அமெரிக்காவில் இப்படம் பொதுவுடைமையாகியிருக்கிறது. பங்கு மன்றங்களிலும் திருமணத் தயாரிப்பு வகுப்புகளிலும் இதைத் திரையிட்டுப் பேசலாம். ஏப்ரல் மாதச் சச்சரவுக் காட்சி ஒன்றுக்கே ஒரு மாலைப்பொழுது வேண்டியிருக்கும்.

ஜேம்ஸ் மரேயின் வாழ்வைச் சொல்லாமல் இருப்பது முறையாகாது. கூட்டத்திலிருந்து எடுக்கப்பட்ட அவர் சில ஆண்டுகளிலேயே குடிக்கு அடிமையாகி, கூட்டத்துக்கே திரும்பினார். தெருவில் கையேந்தி நின்ற அவரைக் கண்ட விடார், தம் 1934-ஆம் ஆண்டுப் படமான 'அவர் டெய்லி பிரெட்'டில் வேடம் தர முன்வந்தார். மைத்துனர்கள் தந்த வேலையை ஜான் மறுத்ததுபோலவே மரேயும் மறுத்துவிட்டார். 1936-இல் நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் அவர் உடல் கிடைத்தது. வயது முப்பத்தைந்து. பாலத்தின்மேல் ஜானுக்குப் பின்னால் ஓடிவந்த பிள்ளையைப் போல் அவருக்குப் பின்னால் எவரும் வரவில்லை.

கொட்டகைக் காட்சியில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். கையிலுள்ள நிகழ்ச்சிநிரல் தாளில் மேரி ஒரு விளம்பரத்தைக் காண்கிறாள். ஜான் எழுதிப் பரிசு பெற்ற அதே வாசகம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு பக்கத்து இருக்கையில் இருக்கும் முன்பின் அறியாத மனிதரிடம் அதைக் காட்டுகிறார்கள். இதை இவர்தாம் எழுதினார் என்கிறாள் மேரி, பெருமையோடு. அவரும் அப்படியா என்று வியந்து பாராட்டுகிறார். அந்த 500 டாலர் வீட்டுக்கு வந்த நாளில் அவர்கள் சன்னலில் நின்று யாரைக் கூப்பிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. மேடையில் கோமாளி ஏதோ செய்கிறான், மூவரும் சிரிக்கிறார்கள்.